இரண்டு வருடமும் ஒன்பது வருடமும்

மண்டூர்த் துறையில் காலையில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறுகிறவர்களின் கைகளைப் பார்த்தாலே யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு சொப்பிங் பை, அதற்குள் பொலித்தீன் உறை, அதற்குள் அட்டை கிழிந்த கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், சுருட்டிச் சுருட்டி நடுவில் வெடித்த எக்ஸ்ரே படம். வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கிக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போவார்கள். அங்கே முடியாவிட்டால் பஸ் ஏறி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. பின்னேரம் அதே பை அதே பாதையில் திரும்பி வரும். எங்கள் கரையான படுவான்கரையில் ஒருவரின் நோய் வரலாறு முழுவதும் அந்தப் பைக்குள் இருப்பதாகவே நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வைத்தியசாலையில் ஒரு பிழை நடந்து, அதற்கு நட்டஈடு கேட்டு ஒரு குடும்பம் வழக்குப் போட்டால், முடிவு தெரிய எவ்வளவு காலம் எடுக்கும்? இந்தக் கேள்வியை நான் சில வருடங்களாகத் தேடி வருகிறேன். சட்டத்தரணிகளிடம் கேட்டால் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு ஒரு வழக்கின் பெயரைச் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வது ஒரே வழக்கு. பேராசிரியை பிரியாணி சொய்சா வழக்கு.

1992இல் கொழும்பில் ஒரு சின்னப் பெண்பிள்ளைக்கு நடையில் தள்ளாட்டம். கைகால்கள் தாமாக அசைந்தன. நாட்டின் புகழ்பெற்ற குழந்தை வைத்திய நிபுணரான பிரியாணி சொய்சாவிடம் பெற்றோர் காட்டினார்கள். வாதக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் நரம்பு நோய் என்று அவர் முடிவு செய்தார். பிள்ளை தனியார் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டது. பின்னர் எடுத்த ஸ்கேன், மூளைத்தண்டில் கட்டி இருப்பதைக் காட்டியது. அந்த வருடமே பிள்ளை இறந்துபோனது. தந்தை வழக்குப் போட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கவனக்குறைவு நடந்தது என்பதை ஏற்றது. தொகையைப் பெருமளவு குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் (இலங்கையில் நாட்டின் உச்சியில் உள்ள நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர்) அந்தத் தொகையையும் இல்லாமலாக்கியது. கவனக்குறைவு இருந்தது, ஆனால் அந்தக் கவனக்குறைவுதான் இறப்புக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். அந்தக் கட்டி எப்படியும் உயிரைக் கொண்டுபோயிருக்கும் என்பதே அதற்கு அடிப்படை.

பிள்ளை இறந்து கடைசித் தீர்ப்பு வரும்வரை ஒன்பது வருடம். முடிவில் கையில் வந்தது ஒன்றுமில்லை. அந்தத் தந்தை சட்டத்துறையைச் சேர்ந்தவர். எந்த மனுவை எங்கே போடுவது, எந்த நிபுணரைச் சாட்சிக்கு அழைப்பது, தவணைக்கு யாரை அனுப்புவது என்பதெல்லாம் தெரிந்தவர். வழக்கு நடந்ததும் கொழும்பில். அவருக்கே ஒன்பது வருடம் என்றால், மண்டூரில் வயல் செய்து பிழைக்கிற ஒருவருக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். கணக்கு ஒருபோதும் சரிவரவில்லை. ஏனென்றால் அவர் வழக்கின் வாசலுக்கே வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதற்கு வாசலில் நிற்கிற காலக்கெடுதான் முதற் காரணம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவின்படி, ஒருவருக்கு நேர்ந்த தீங்குக்கான வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தன் கடமையில் செய்ததற்காக வழக்குப் போடுவதானால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி முதலில் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் அரசாங்கத்தினுடையவை. அப்படியானால் இரண்டு வருடம் என்பது உண்மையில் இருபத்து மூன்று மாதம்.

1969க்கு முன் இந்தக் கதவும் இல்லை. தீங்குக்காக அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்பதே சட்டமாக இருந்தது. அந்த வருடத்து 22ஆம் இலக்கச் சட்டம்தான், தன் சேவையாளரின் தீங்குக்கு அரசும் பொறுப்பு என்று ஆக்கியது. நல்ல சட்டம். ஆனால் அது நோயாளியை அரசுக்கு முன்னால் நிறுத்தியதே தவிர, அரசு எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று எதையும் சொல்லவில்லை.

வேறு இரண்டு வழிகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒன்று இலங்கை மருத்துவ சபை. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பிழை செய்த வைத்தியரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவோ இடைநிறுத்தவோ அதற்கு அதிகாரம் உண்டு. நட்டஈடு கொடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. மற்றது அடிப்படை உரிமை மீறல் மனு. அரசாங்க வைத்தியசாலை என்றால் அந்த வழியைப் பயன்படுத்தலாம். மனுவைக் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மட்டுமே போட முடியும். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் இன்னொரு வசனமும் இருக்கிறது: இப்படி வரும் மனுவை நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மனுதாரரின் ஒரு மாதம் கண்டிப்பாகக் கணக்கிடப்படுகிறது. நீதிமன்றத்தின் இரண்டு மாதமோ வெறும் வழிகாட்டல் என்றே நடைமுறையில் பொருள்கொள்ளப்பட்டுவிட்டது. ஒரே உறுப்புரைக்குள் இருக்கிற இரண்டு காலக்கெடு. ஒன்று கயிறு, மற்றது காற்று.

அந்த ஒரு மாதம் எங்கள் ஊரில் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் முதல் நாள் திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன் வாக்குமூலம், தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, பிறகு உடலை ஊருக்குக் கொண்டுவருதல், அடக்கம். எட்டுச் செலவு. பந்தல் பிரிக்காமல் உறவினர் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகுதான் வீட்டில் ஒருவர் வாய் திறந்து, "அன்றைக்கு அந்த ஊசி ஏன் போட்டவங்க?" என்று கேட்பார். அதுவரை கேட்பது அழகில்லை. வயதானவர்கள் விதி என்று சொல்லி முடித்திருப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தக் கேள்வி வெளியே வரும்போது அடிப்படை உரிமை மனுவுக்கான மாதம் முடிந்திருக்கும். எங்கள் துக்கத்தின் நாட்காட்டியும் சட்டத்தின் நாட்காட்டியும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவதை நான் தற்செயலாகத்தான் கவனித்தேன். கவனித்த பிறகு மறக்க முடியவில்லை. இதற்கொரு சிறு மாற்று இருக்கிறது: 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. சாவு வீட்டில் இதை யாரும் சொல்வதில்லை, சொல்லத் தெரிந்தவர்களும் குறைவு.

எங்கள் வீட்டிலும் ஒரு கோவை இருக்கிறது. பெரியம்மாவுடையது. சீனி வருத்தக்காரி. வரம்பில் கால் வழுக்கிப் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு காயம். ஓர் அரசாங்க வைத்தியசாலையில் மருந்து கட்டி, துண்டு வெட்டி, அடுத்த கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். காயம் ஆறிக்கொண்டு வருகிறது என்றார்கள். வீட்டில் எங்களுக்கு நாற்றம் வந்தது. மூன்றாவது கிழமை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். முதலில் பார்த்தவர்கள் இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் விட்டதுதான் காரணமா, எடுக்கத்தான் வேண்டியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாமலே போனது. செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பழகி, கோயிலுக்கு ஒருமுறை போய்வந்த பிறகு, மாமாதான் கேட்டார்: "மகன், இதைப் பற்றி ஒருக்கா யாரிட்டயும் கேட்டுப் பார்ப்பமா?" சட்டத்தரணி ஒருவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது கால் எடுத்த திகதியை. இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. கதவைச் சாத்துகிற குரலில் அவர் சொல்லவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

பெரியம்மாவுக்கு அந்த இரண்டு வருடம் எங்கே போனது? நோயைத் தாங்குவதில் போனது. அடிபட்டவர் முதலில் எழும்பி நிற்கப் பார்ப்பார். பிழை யாருடையது என்று கேட்கிற பலம் அதற்குப் பிறகுதான் வரும். பிறக்கும்போது மூச்சுத்திணறிய பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம். பிள்ளை நடக்க வேண்டிய வயதில் நடக்காதபோதுதான் பெற்றோருக்கு விளங்கத் தொடங்கும். சிறுவருடைய சொந்த உரிமைக்கு, அவர்கள் பராயமடையும்வரை காலம் ஓடாது என்று சட்டம் இரக்கம் காட்டுகிறது. ஆனால் அதற்குள் சாட்சிகள் எங்கே இருப்பார்கள்? அரசாங்க வைத்தியர்கள் இடமாற்றத்தில் போய்க்கொண்டே இருப்பவர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலர் நாட்டையே விட்டுப் போய்விட்டார்கள்.

வாசலைத் தாண்டி வழக்குப் போட்டவர்களுக்குக் காலம் எங்கே கரைகிறது? தவணை ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரியது மொழியும் நிபுணரும். கட்டில் தலைமாட்டில் தொங்கும் குறிப்பேட்டை வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் நடக்கிறது. மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், பிறகு அனுமதி கிடைத்தால் கொழும்புக்கும் போகும்போது கோவை மீண்டும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு காத்திருப்பு. நிபுணர் சாட்சியோ அதைவிடக் கடினம். சிறிய நாடு. ஒரு துறையின் நிபுணர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பலர் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். சக வைத்தியர் ஒருவர் பிழை விட்டார் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வருபவரைத் தேடி ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலையலாம். அப்படிச் சொல்ல வருகிறவர்கள் துணிவானவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் குடும்பத்தின் வழக்கு ஒரு தனிமனிதரின் துணிவை நம்பித் தொங்குவது நியாயமில்லை.

அதிலும் உரோமன் டச்சுச் சட்டத்தின் ஒரு விதி எனக்கு எப்போதும் உறுத்தும். பிள்ளை இறந்த துயரத்துக்கும், பிள்ளையின் அன்பும் துணையும் போனதற்கும் பெற்றோர் நட்டஈடு கேட்க முடியாது. பண இழப்பைத்தான் காட்ட வேண்டும் என்பதைச் சொய்சா வழக்கில் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. சின்னப் பிள்ளையின் இறப்பில் என்ன பண இழப்பைக் காட்டுவது? நீண்ட காலம் காத்திருந்தாலும் கடைசியில் கிடைக்கக்கூடியது சிறியது என்று தெரிந்தால், அதற்காக யார் ஒன்பது வருடம் காத்திருப்பார்?

2023 செப்டம்பரில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில், காய்ச்சலுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் இடது கையை மணிக்கட்டோடு எடுக்க நேர்ந்தபோது நாடே கொதித்தது. ஊசிக்குழாய் பொருத்திய விதம் பற்றிப் பேசாத தேநீர்க்கடை இல்லை. யாழ்ப்பாணத்தில் விடயம் நீதிமன்றம் வரை போனது. அந்த நாட்களில் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: பத்திரிகைகள் மறந்த பிறகும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வயது கூடியே வரும்.

இந்தியாவில் வேறு வழி ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மருத்துவ சேவையும் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரண நீதிமன்றங்களின் தாமதத்தைத் தவிர்ப்பதற்காகவே உருவான ஆணையங்கள் அவை. மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை முடிக்க முயல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நடந்தது என்ன? 1996 ஆகஸ்ட்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை நோய் வரக்கூடும் என்பதையும், அதற்காகக் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. உரிய கிழமைகளில் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வை போய்விட்டது. தேசிய ஆணையம் 2009இல் ஐந்து இலட்சம் ரூபாய் கொடுத்தது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சமாக உயர்த்தியது. வருங்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது, இந்தியச் சட்ட வரலாற்றில் பேசப்படுவது. அந்தத் தீர்ப்பு வந்தபோது குழந்தைக்கு வயது 18. பார்வையில்லாத பிள்ளைக்குச் சின்ன வயதில் தேவைப்பட்ட பள்ளிக்கூடமும் பயிற்சியும், பணம் வருவதற்கு முன்பே முடிந்துபோன வயதின் தேவைகள்.

கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ மருத்துவமனை வழக்கு பணத்தின் அளவால் பிரபலமானது. 1998 மே மாதம் இறந்த பெண்ணுக்காக 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் கொடுத்தது. பதினைந்து வருடம் விடாமல் வழக்கை இழுத்துச் சென்ற கணவர், அமெரிக்காவில் வாழும் ஒரு வைத்தியர். கொழும்பு வழக்கின் தந்தையையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கடைசிவரை நின்றவர்கள் இருவரும் படிப்பும் வசதியும் உள்ளவர்கள். இடையில் விட்டுப்போனவர்களின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இராது.

வழக்குகள் விரைவாக நடக்கும் என்று நாம் நினைக்கிற அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2006இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் டேவிட் ஸ்டடர்ட் குழுவினர், ஐந்து காப்புறுதி நிறுவனங்களின் முடிந்த 1,452 கோரிக்கைகளை ஆராய்ந்து எழுதினார்கள். தீங்கு நடந்ததிலிருந்து முடிவு வரை சராசரியாக ஐந்து வருடம். மூன்றில் ஒன்று ஆறு வருடமோ அதற்கு மேலோ இழுத்தது. நட்டஈடாகக் கொடுத்த ஒவ்வொரு டொலருக்கும் 54 சதம் வழக்கறிஞர், நிபுணர், நிர்வாகம் என்று போனது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வு வைத்தியர் பக்கத்திலிருந்து பார்த்தது: நாற்பது வருடத் தொழில் வாழ்வில் ஏறத்தாழ 11 சதவீதத்தை, முடியாத ஒரு கோரிக்கை தலைக்குமேல் தொங்கும் நிலையில் அமெரிக்க வைத்தியர் கழிக்கிறார். அதாவது நாலு வருடத்துக்கு மேல். பிழையே செய்யாத வைத்தியரும் அந்த வருடங்களைத் தாங்குகிறார். தாமதத்தால் பிழைக்கிறவர் நோயாளியின் எதிரில் இருக்கும் வைத்தியர்தான் என்று நானும் ஒருகாலம் நினைத்தேன். அது சரியில்லை. இரவு முழுக்க விழித்திருந்து மறுநாள் விளக்கம் எழுதவேண்டிய வைத்தியரையும் இந்தக் காத்திருப்பு அரித்துக்கொண்டிருக்கிறது.

நியூசிலாந்து 1974 ஏப்ரலில் வேறொரு வழியில் போனது. யார் பிழை என்று கேட்காமல், விபத்தில் காயப்பட்டவருக்குப் பொது நிதியிலிருந்து கொடுக்கும் முறை. சிகிச்சையால் வந்த காயமும் அதற்குள் வரும். சிக்கலான கோரிக்கைக்கும் ஆகக் கூடியது ஒன்பது மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விதி: குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால், கோரிக்கை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். சுவீடனும் 1975இலிருந்து நோயாளர் காப்புறுதி முறையொன்றை நடத்துகிறது. அந்த நாடுகளின் செல்வம் நமக்கில்லை என்று பதில் வரும். தெரியும். ஆனால் மேலே சொன்ன விதியில் பணம் எதுவும் இல்லை. தாமதத்தின் பாரத்தைத் தாங்க வேண்டியவர் நிறுவனமா நோயாளியா என்ற தீர்மானம் மட்டுமே இருக்கிறது. எங்கள் சட்டங்களில் அந்தப் பாரம் முழுவதும் நோயாளியின் தலையில் இருக்கிறது.

இலங்கையில் இன்று ஒரு குடும்பத்தால் செய்யக்கூடியதும் இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் வசதியில்லாதவர்களுக்காக வழக்காடுகிறது. அதைவிட முந்தியது காகிதம். பாதையில் போய்வரும் அந்தப் பைக்குள் இருப்பவை நோயாளிக்குக் கொடுத்த துண்டுகள் மட்டுமே. மணிக்கு மணி என்ன நடந்தது, எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள், யார் வந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் இருப்பது பி.எச்.ரி என்று தாதிமார் சொல்லும் அந்தக் கட்டில் குறிப்பேட்டில். துண்டு வெட்டியவுடன் அது ஆஸ்பத்திரியின் ஆவண அறைக்குப் போய்விடும். வழக்கு எழும்புவதும் விழுவதும் அதில்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பிரதியைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவை வெளியிட நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஆகவே நோயாளி உயிரோடும் கையெழுத்திடும் நிலையிலும் இருக்கும்போது கேட்பது இலகு. இரண்டு வருட வழக்குக்காக இல்லாவிட்டாலும், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்கலாம்.

இதை நாங்கள் அறிந்தது பெரியம்மா போன பிறகு. அவருடைய கோவையை மாமா வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், கார்த்திகை மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வந்தாலும் நனையாத உயரத்தில். வெள்ளம் வற்றியதும் இறக்கி, பொலித்தீனைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக முற்றத்துப் பாயில் பரப்பிக் காயவிடுவார். எக்ஸ்ரே படத்தின்மேல் காற்றுக்குப் பறக்காமல் இரண்டு கல். எல்லாத் துண்டும் இருக்கின்றன. அந்தக் குறிப்பேட்டின் பிரதி மட்டும் இல்லை.